மதுவுக்குத் தெய்வம் இல்லாத தொண்டை நாடு

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலிருந்து தெற்கே ஒரகடம் போய், அங்கிருந்து வண்டலூர் சாலையில் கிழக்கே திரும்பினால் படப்பை வரும். அந்த ஊரில் உள்ள மதுபான ஆலையின் பெயர் மைடாஸ். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம் பெற்ற அரசனை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். வரம் கொடுத்தது யார் என்பதுதான் பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. கொடுத்தவர் கிரேக்கர்களின் மதுக்கடவுள் டயோனிசஸ். குடிமயக்கத்தில் வழிதவறிப்போன அவருடைய கிழ ஆசான் சைலீனஸை மைடாஸ் வீட்டில் வைத்து உபசரித்ததற்குக் கைம்மாறு அது. ஆலைக்குப் பெயர் வைத்தவர்கள் பொன்னை நினைத்திருப்பார்களே தவிர, மதுக்கடவுளை நினைத்திருக்க வாய்ப்பில்லை. கள்ளும் அரிசி மதுவும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புழங்கிய நாடு இது. தமிழ்க் கடற்கரையில் யவனக் கப்பல்கள் மதுவை இறக்கியிருக்கின்றன. அப்படியிருந்தும் மதுவுக்கென்று ஒரு தெய்வம் இங்கே பிறக்கவில்லை; வெளியிலிருந்து வந்து தங்கவுமில்லை. இங்கே மது தெய்வத்துக்கும் விருந்தாளிக்கும் படைக்கும் பொருளாகவே இருந்தது, கிரேக்கர்கள் ஒரே கடவுளிடம் குவித்த வேலைகளைத் தமிழர்கள் வேறு வேறு கைகளில் கொடுத்து வைத்திருந்தார்கள் என்பதே இதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஜாடி வந்த கதை. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடியது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தி ஊட்ட, அரசன் நாளும் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று அதில் வாழ்த்துகிறார். புலவரின் மிகை என்று இதைத் தள்ளிவிட முடியாதபடி மண்ணுக்குள்ளிருந்து சாட்சி வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ஆம்போரா எனப்படும் இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பெரும்பங்கு ஏஜியன் கடலின் கோஸ் தீவுப் பாணி மதுச்சாடிகள் என்று கண்டார். கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கம். நக்கீரர் மணத்தைப் பாடிய தேறல் நாக்கில் கொஞ்சம் கரித்தும் இருக்கலாம். முதல் நூற்றாண்டின் கடல் வணிகக் கையேடான பெரிப்ளஸ் சேரர் துறைமுகமான முசிறிக்குப் போகும் சரக்குகளில் மதுவைச் சேர்க்கிறது, ஆனால் அதிகமில்லை என்ற குறிப்போடு. தொண்டை நாட்டுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. பாலாற்று முகத்துவாரத்தில் உள்ள வசவசமுத்திரத்திலும் காஞ்சியிலும் கூம்பு வடிவ ஜாடிகள் கிடைத்தபோது அவற்றையும் ரோம மதுவோடு சேர்த்துப் பேசினார்கள். இந்தியாவில் ஆம்போரா என்று பெயரெழுதி வைக்கப்பட்டிருந்த ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் மறுபடி பார்த்தபோது, பல மெசபொடேமியப் பக்கத்து நீள ஜாடிகளாக இருந்தன. ஆகவே யவன மது அரசனின் கிண்ணம்வரை வந்தது உறுதி, காஞ்சித் தெருவரை ஓடியது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஜாடியோடு கடவுளும் ஏன் இறங்கவில்லை? மது வணிகம் சிறியது, வந்தவர்களும் கொஞ்சம் பேர், கொஞ்சம் பேர் கொண்டுவரும் தெய்வம் வேரூன்றாது என்பது முதலில் தோன்றும் பதில். அது போதாது. ரோம நிலப்படத்தின் இடைக்காலப் பிரதியான பியூட்டிங்கர் வரைபடத்தில் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் குறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசர் அகஸ்டஸின் கோயில் அது. வந்த யவனர்கள் சாமி கும்பிடாதவர்கள் அல்லர் என்பதற்கு இது சான்று. வரைபடத்தில் ஏறும் அளவுக்கு இங்கே அவர்கள் நிறுவிய வழிபாடு மன்னனுடையது. கள்ளிக்கோட்டையில் இறங்கிய போர்ச்சுக்கீசியர்போல, வணிகர்கள் தங்கள் அரசின் அடையாளத்தைத்தான் முதலில் நடுவார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் வருபவர் பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். வரவேற்கும் நாட்டில் அந்தக் கடவுளுக்கு வேலை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

அதற்குத் தொண்டை நாட்டின் சொந்த மதுவைப் பார்ப்போம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் தேடிப் போகும் பாணனுக்குக் காஞ்சிவரை வழி சொல்லும் நூல். வழியில் ஒவ்வொரு குடியிருப்பிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் அது சொல்கிறது. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது மது காய்ச்சும் முறையே வந்துவிடுகிறது. தீட்டாத அரிசியைக் களியாகக் குழையும்படி துழாவிக் கூழாக்குகிறார்கள். அகன்ற வாயுள்ள பிழா என்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கரையான் கூட்டைப்போலப் பொரபொரப்பான முளை அடையை அதில் சேர்த்துப் பிசைகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்ததும், உறுதியான வாயுடைய சாடியில் அது முற்றி விளைகிறது. அதை விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். ஒரு ரசாயன ஆசிரியர் எழுதிக் கொடுத்ததுபோல இருக்கிறது: மாவுச்சத்து, முளையின் நொதி, ஆறவைக்கும் பக்குவம், மூடிய ஜாடி. பிள்ளைப்பாக்கம் ஏரி, ஸ்ரீபெரும்புதூர் ஏரி, அவற்றின் உபரி போய்ச் சேரும் செம்பரம்பாக்கம் என்று இன்றும் இந்த வட்டாரம் ஏரிகளால் கோத்தது. இன்றைய கரைகள் அன்றே இருந்தனவா என்பது வேறு கேள்வி. நெல்லும் மீனும் ஒரே நீரிலிருந்து வரும் நாட்டின் மது இப்படித்தான் இருக்கும் என்பதில் சந்தேகமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு நாள். திராட்சை ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கிறது. இலையுதிர்காலத்தில் மிதித்துப் பிழிந்த சாறு குளிர்காலம் முழுக்க ஜாடியில் நொதிக்கிறது. ஏதென்ஸில் பிப்ரவரி வாக்கில் ஆந்தெஸ்தீரியா விழாவின் முதல் நாளன்று ஜாடிகளின் வாயைத் திறந்து, முதல் வார்ப்பைக் கடவுளுக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்கள். மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் ஜாடிக்குள் என்ன நடக்கிறது, மது ஆகுமா காடி ஆகுமா என்ற கவலை அந்த விழாவின் அடியில் இருக்கிறது. கொடி பட்டுப்போய் மறுபடி துளிர்ப்பதும், வெட்டி மிதிக்கப்பட்ட பழம் வேறொன்றாக எழுவதும் செத்துப் பிழைக்கும் கடவுளின் கதைக்குத் தானாக இடம் கொடுக்கின்றன. நம் மதுவுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. பனையில் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் ஏறிவிடும், மறுநாள் புளித்துவிடும். அரிசி மது இரண்டாம் நாள் இறுதியில் தயார். பனைக்கும் பருவம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது சில மாதங்கள் நீளும் பருவம். பனை ஓய்ந்த காலத்தில் தென்னையும் அரிசியும் இருக்கின்றன. தினமும் திறக்கும் ஜாடிக்குத் திறப்பு விழா யாரும் நடத்துவதில்லை.

இந்தக் காரணம் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்ள ஆசைதான். சுமேரியாவின் நின்காசி அதைக் கெடுக்கிறாள். அவள் பீர் தெய்வம். தானியத்தில், சில நாட்களில், ஆண்டு முழுவதும் வடித்த மதுவுக்கே அங்கே ஒரு தேவி இருந்தாள், அவளுக்குத் துதிப்பாடலும் இருந்தது. ஆகவே அவசர மதுவுக்குத் தெய்வம் வராது என்பது பொது விதி ஆகாது. வேறுபாட்டை மது எங்கே வடிக்கப்பட்டது என்பதில் தேட வேண்டும். மெசபொடேமியாவில் கோயிலும் அரண்மனையும் பெரிய மதுக்கூடங்கள் வைத்திருந்தன. வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பங்கே பீர்தான். எழுத்தும் கணக்கும் பாடலும் தெரிந்தவர்களின் கண்காணிப்பில் வடித்த பானம் அது, அவர்கள் அதற்குத் தெய்வம் வைத்தார்கள். தொண்டை நாட்டில் அதே வேலையை வலைஞர் வீட்டில் செய்கிறார்கள். புகாரில் கள் விற்கும் கடைக்கு அடையாளக் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது கடை, அவ்வளவுதான். வேள்வி செய்பவர்களோ கோயிலைக் காப்பவர்களோ தங்கள் சொந்தத் தொழிலாக மதுவை இங்கே எடுத்துக்கொண்டதாகச் சங்கப் பாடல்கள் காட்டவில்லை.

அவை காட்டும் உறவு வேறு. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு, அவன் நடுகல்லுக்குச் சிறு கலத்தில் நார் அரித்த கள்ளைப் படைப்பதைப் பார்த்து, அதை அவன் ஏற்றுக்கொள்வானா என்று ஔவையார் கலங்குகிறார். உயிரோடிருந்தபோது கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களுக்குக் கொடுத்துத் தானும் மகிழ்வான் என்று இன்னொரு பாட்டில் நினைத்து அழுகிறார். இரண்டிலும் கள் கை மாறிக்கொண்டே இருக்கிறது: தலைவனிடமிருந்து புலவருக்கு, ஊராரிடமிருந்து கல்லுக்கு. திருமுருகாற்றுப்படையின் குன்றவர் மூங்கிலில் முதிர்ந்த தேன் மதுவைச் சுற்றத்தோடு குடித்துக் குரவை ஆடுகிறார்கள். ஆடி அழைக்கும் தெய்வம் முருகன், குடி ஆட்டத்துக்குத் துணை. வெறியாட்டில் வேலன் மேல் தெய்வம் இறங்குகிறது, ஆட்டு ரத்தம் கலந்த பலி தூவப்படுகிறது. டயோனிசஸைப் பின்தொடர்ந்த பெண்களின் ஆவேசத்தோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. ஒப்புமை உண்மைதான். ஆனால் அங்கே ஆவேசமும் மதுவும் ஒரே தெய்வத்தின் இரு முகங்கள். இங்கே ஆவேசத்தை முருகன் எடுத்துக்கொண்டான், மது குன்றவர் கையில் தங்கிவிட்டது. இதே ஏற்பாடு இந்தச் சுற்றுவட்டார ஊர் எல்லைகளில் இன்றும் தொடர்கிறது. முனீஸ்வரனுக்கு ஆடு வெட்டிப் பொங்கல் வைத்துச் சாராயமும் சுருட்டும் படைக்கிறார்கள். அவருக்குப் பிடித்ததை வைக்கிறோம் என்பதுதான் பேச்சு. சாராயத்தையே முனீஸ்வரன் என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு மாறாக, இந்தியாவில் டயோனிசஸ் இருந்தார் என்று கிரேக்கர்களே எழுதி வைத்திருக்கிறார்களே என்பது வலுவான ஆட்சேபம். அலெக்சாந்தரின் படை நிசா என்ற ஊரை அடைந்தபோது, அங்கே ஐவி கொடியைப் பார்த்துவிட்டுத் தங்கள் கடவுள் முன்பே இந்தியாவை வென்ற சுவடு இது என்று வீரர்கள் கொடியைத் தலையில் சூடிக் கொண்டாடினார்கள். சந்திரகுப்த மௌரியரின் காலத்தில் வந்த மெகஸ்தனிஸ், மலையில் வாழும் அறிஞர்கள் டயோனிசஸையும் சமவெளியில் உள்ளவர்கள் ஹெராக்ளீஸையும் வணங்குவதாக எழுதினார். அதே மெகஸ்தனிஸ் இந்தியர்கள் வேள்வி தவிர மற்ற நேரங்களில் மது குடிப்பதில்லை, அவர்கள் பானம் அரிசியில் ஆனது என்றும் எழுதியதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. திராட்சை மதுவும் அன்றாடக் குடியும் இல்லாத மதுக்கடவுள் என்றால், அவர் பார்த்தது வேறு யாரையோ. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ் இந்தக் கதைகளெல்லாம் அலெக்சாந்தரை மகிழ்விக்கக் கட்டியவை என்று அப்போதே சந்தேகப்பட்டார். பிற்காலத்தவர்களின் ஆர்வம் குறையவில்லை. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் ராமனை டயோனிசஸோடு பொருத்தினார். சென்னையில் அடையாறு நூலகத்தின் இயக்குநராக இருந்த அலென் தானியேலு, 1979இல் சிவனும் டயோனிசஸும் ஒன்றே என்று ஒரு நூலே எழுதினார். ஒருவர் ராமன் என்கிறார், இன்னொருவர் சிவன் என்கிறார், வேறு சிலர் முருகன் என்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை தெய்வங்களைக் கைகாட்டுவதே, டயோனிசஸின் குணங்கள் இங்கே ஒரே இடத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி. சிவனிடம் காடும் ஆட்டமும் பித்தும் உண்டு, மது மட்டும் இல்லை. அவர் குடித்ததாக உலகறிந்தது நஞ்சு.

இன்னும் கடினமான ஆட்சேபம் பலராமன். சங்கப் பாடல்களில் அவர் சங்கு போன்ற வெண்ணிற மேனியர், கையில் கலப்பை, கொடியில் பனைமரம். புராணங்களில் வாருணி என்ற மதுவைக் குடித்துவிட்டு யமுனையையே கலப்பையால் இழுத்தவர். கள் தரும் மரத்தைக் கொடியாகக் கொண்ட குடிகாரத் தெய்வம் இருக்கும்போது, மதுவுக்குத் தெய்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பதில் அதே புறநானூறு 56இல் இருக்கிறது. அந்தப் பாட்டு தொடங்குவதே நான்கு தெய்வங்களோடு: சிவன், பனைக்கொடியோன், திருமால், முருகன். பாண்டியன் ஒவ்வொரு குணத்திலும் ஒவ்வொருவருக்கு ஒப்பானவன் என்று வரிசையாக வருகிறது. பனைக்கொடியோனுக்குக் கிடைத்த குணம் வலிமை. அதன் பிறகுதான் யவன மது வருகிறது. பனைக்கொடியையும் மதுக்கிண்ணத்தையும் ஒரே பாட்டில் வைத்த நக்கீரர் இரண்டையும் கோக்கவில்லை. கோத்திருந்தால் பாராட்டுக்கு இன்னும் அழகாக அமைந்திருக்கும். அவருக்கு அது தோன்றவேயில்லை. ஒரு புலவர் சொல்லாமல் விட்டதை வைத்து இவ்வளவு கட்டலாமா என்றால், நாணயச் சாட்சி ஒன்றும் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்திரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அகதோக்ளீஸ், கலப்பை ஏந்திய பலராமனையும் சக்கரம் ஏந்திய வாசுதேவனையும் பொறித்து வெள்ளி நாணயம் வெளியிட்டான். அவை 1970இல் ஆப்கானிஸ்தானின் ஐ கானூமில் கிடைத்தன. அதே அகதோக்ளீஸ் டயோனிசஸின் தலையையும் சிறுத்தையையும் பொறித்த நாணயமும் வெளியிட்டவன். இரு மரபும் அறிந்தவன், இரண்டையும் இணைப்பதில் ஆதாயம் உள்ளவன், குடிக்கும் இரு கடவுளரையும் தனித்தனி நாணயத்தில்தான் வைத்தான். தமிழ்நாட்டில் பலராமன் போன வழியும் இதற்கு ஒத்துப்போகிறது. புகாரில் அவருக்குக் கோயில் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பிறகு தனிக்கோயில் வழக்கம் தேய்ந்து, அவர் பத்து அவதாரங்களில் ஒருவராக ஒடுங்கிவிட்டார். பனையேறிகள் அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. மதுவின் தெய்வமாக இருந்திருந்தால், அவரை விடமாட்டாதவர்கள் அவர்கள்தான்.

மதுவுக்குத் தெய்வம் இல்லாததன் விளைவு மதுவை எதிர்த்தவர்களின் பேச்சில் தெரிகிறது. ஏதென்ஸில் கி.மு. 405இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில், டயோனிசஸை ஏற்க மறுக்கும் தீப்ஸ் மன்னன் பெந்தியஸைப் பெற்ற தாயே வெறியில் பிய்த்துப் போடுகிறாள். கி.மு. 186இல் ரோம செனட், டயோனிசஸின் மறுபெயரான பாக்கஸின் வழிபாட்டுக் கூட்டங்களை அடக்க ஆணை போட்டபோது, ஒரு சமயத்தோடு மோதுகிறோம் என்று தெரிந்தே போட்டது. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அப்படி ஒரு மோதலே இல்லை. பெற்ற தாய்க்கே முகம் சுளிக்கும், ஊர் சிரிக்கும், அறிவு போகும் என்று மானத்தையும் வீட்டையும் வைத்தே வாதம் நடக்கிறது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் எந்தத் தெய்வத்துக்கும் குறை நேர்ந்ததாகப் பேச்சு எழவில்லை. அரசு கவலைப்பட்டது வருமானத்துக்கு. விழுந்த கலால் துண்டை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னாளில் 1987இல் கள் தடை செய்யப்பட்டபோதும், இன்றுவரை அதை எதிர்ப்பவர்கள் பேசுவது பனைத்தொழிலாளர் பிழைப்பையும் உடல்நலத்தையும் பற்றித்தான்.

டயோனிசஸ் நாடகத்தின் கடவுளும்கூட. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் காஞ்சி நம்மை ஏமாற்றவில்லை. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் முழுக்கக் காஞ்சித் தெருவில் நடக்கும் குடிகாரக் கூத்து. சைவத் துறவியான கபாலிகன் சத்தியசோமனும் துணைவி தேவசோமையும் தள்ளாடிக்கொண்டே மதுக்கடைக்கு வருகிறார்கள். கடையைப் பார்த்ததும் கபாலிகனுக்கு அது வேள்விச்சாலையாகத் தெரிகிறது. கடைக்கம்பம் வேள்வித்தூண், கள் சோமரசம், குடிகாரர்கள் புரோகிதர்கள், அவர்கள் உளறல் மந்திரம், வறுத்த கறி ஆகுதி, கடைக்காரன் வேள்வித் தலைவன். பிறகு அவனுடைய மண்டையோட்டுப் பாத்திரம் காணாமல் போகிறது. பௌத்த பிக்கு நாகசேனன்மேல் பழி விழுகிறது. அந்தப் பிக்குவோ, மதுவையும் மாதரையும் அனுமதித்த மூலநூலைப் பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள் ஒளித்துவிட்டார்கள் என்று தனக்குள் புலம்பிக்கொண்டு வந்தவன். கடைசியில் பாத்திரம் நாயிடமிருந்து ஒரு பைத்தியத்தின் கைக்குப் போனது தெரியவருகிறது. மது இங்கே தெய்வத்துக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஆனால் சிரிப்பு வருவதே அது அங்கே நிற்கக் கூடாத பொருள் என்பதால்தான். மதுக்கடை வேள்விச்சாலை என்றால் ஏதென்ஸில் அது பக்தி, காஞ்சியில் அது பகடி. பகடியை எழுதியவனே அரசன் என்பதும், மத்தவிலாசன் என்பது அவனுடைய சொந்தப் பட்டங்களில் ஒன்று என்பதும் இன்னும் சுவை. காஞ்சிக்குத் தெற்கே மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்த கல்வெட்டு ஒன்றில் இந்த நாடகத்தின் பெயர் நிற்கிறது.

ஏடுகள் பிழைத்தது கேரளத்தில். 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சேற்றிய பிறகுதான் தமிழ்நாட்டுக்குத் தன் அரசன் எழுதிய கூத்து திரும்பக் கிடைத்தது. ஆனால் கேரளக் கோயில்களில் கூத்து ஆடும் சாக்கியார்கள் அதை மறந்திருக்கவில்லை. மலையாளக் கோயில்கள் சிலவற்றில் குழந்தைப்பேறு வேண்டி நேர்ந்துகொள்ளும் வழிபாடாக மத்தவிலாசத்தை ஆடுவது அவர்கள் மரபு. கபாலிகனின் ஆட்டமே அதில் முக்கியம். ஏதென்ஸ் நாடகம் கடவுளின் திருவிழாவில் பிறந்து ஊர் மேடைக்குப் போனது. காஞ்சியின் குடிகாரன் அரசவைப் பகடியில் பிறந்து, மலை தாண்டிப் போய்க் கோயில் நேர்த்திக்கடன் ஆகிவிட்டான்.